நோயாளியின் கட்டிலருகே நாய்

சத்திரசிகிச்சையின் பின்னர் வேதனையுடன் படுத்திருப்பவருக்கு மருந்தைப் போன்றே ஆறுதலும் அவசியமாகும். அந்த ஆறுதலை நாயினாலும் வழங்க முடியும் என்பதை மேலைநாட்டு வைத்தியசாலைகள் பல ஏற்றுக்கொண்டுள்ளன. அமெரிக்கத் தாதியான எலெய்ன் ஸ்மித் 1976 இல் நியூ ஜேர்சியில் ஆரம்பித்த அமைப்பு இதற்கு முன்னோடிகளில் ஒன்றாகும்.

எனினும், சேவை நாயும் சிகிச்சை நாயும் ஒன்றல்ல. விழிப்புலனற்றவருக்கு வழிகாட்டுதல், விழுந்த பொருளை எடுத்துக்கொடுத்தல் போன்ற பணிகளுக்காக மாற்றுத்திறனாளி ஒருவருக்கெனப் பயிற்றப்பட்டதே சேவை நாய். ஆறுதலளிப்பது மாத்திரம் அத்தகுதியைத் தராது என்பதை 2011 இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க விதிகள் தெளிவுபடுத்தின. மகனுக்கு வழிகாட்டும் சேவை நாய், சத்திரசிகிச்சை முடிந்து வீடு திரும்பிய தாயின் கட்டிலருகே படுத்து அவரைத் தேற்றக்கூடும். ஆனால், அதனால் அது தாயின் சேவை நாயாகிவிடாது.

சிகிச்சை நாயோ வைத்தியசாலையின் அனுமதியுடனேயே உள்ளே வரலாம். அதற்கு விசர்நாய்க்கடி நோய்த் தடுப்பூசி ஏற்றப்பட்டிருத்தல் வேண்டும். தொடுவதற்கு முன்னரும் பின்னரும் நோயாளி கைகளைச் சுத்தம் செய்தல் வேண்டும். நாயின் உமிழ்நீரிலுள்ள பக்றீரியாக்கள் ஆறாத காயத்தினூடாக உடலினுள் புகலாம் என்பதால், காயத்தை நக்குவதற்கு ஒருபோதும் இடமளிக்கலாகாது.

எமது நாட்டு முஸ்லிம்களில் பெரும்பான்மையினர் பின்பற்றும் ஷாபி மத்ஹப் நாயின் உமிழ்நீரை அசுத்தமாகவே கொள்கின்றது. நாய்க்கு அஞ்சுவோர் எல்லாச் சமூகங்களிலும் உள்ளனர். கட்டில்கள் நெருங்கியிருக்கும் எமது பொது விடுதிகளில் இத்தகைய முயற்சி மேற்கொள்ளப்படுமாயின், நோயாளியின் சம்மதத்துடன் அடுத்த கட்டிலில் இருப்பவரின் சம்மதமும் பெறப்பட வேண்டும் என்பதே எமது நிலைப்பாடாகும். ஒருவருக்கான ஆறுதல் மற்றொருவருக்கு வேதனையாகிவிடலாகாது.