பத்துச் சதம் செய்த வேலை

தொலைக்காட்சியைப் போட்டால் ஒரு பெரிய நடிகரோ ஹொக்கி வீரரோ வந்து நிற்பார். ஒரு நோயின் பெயரைச் சொல்வார். அதற்கு மருந்து கண்டுபிடிக்க உங்களால் முடிந்ததைத் தாருங்கள் என்று கேட்பார். கனடாவுக்குப் புதிதாக வந்த எங்கள் குடும்பங்களுக்கு இது விளங்காத விசயம். "கோடி கோடியாக வைத்திருக்கிறவர் தன்ரை காசைக் குடுத்தால் போதாதோ? மணித்தியாலக் கூலிக்கு நிக்கிற எங்களிட்டை ஏன் கேக்கிறார்?" என்று நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் ஆட்களே கேட்பார்கள்.

நியாயமான கேள்விதான். வாடகை கட்ட வேண்டும். ஊருக்கு அனுப்ப வேண்டும். வந்த வழிக்குப் பட்ட கடன் தீரவில்லை. இதற்குள் யாரோ ஒரு நட்சத்திரம் சிரித்தபடி கை நீட்டினால் எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் இந்தக் கேள்விக்கு நடந்து முடிந்த ஒரு வரலாறு நல்ல மறுமொழி சொல்கிறது. அந்த வரலாற்றில் நாங்கள் இப்போது வாழும் ரொறன்ரோவுக்கும் பங்குண்டு. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் அதனால் பலன் கிடைத்தது.

நடக்க முடியாத தலைவர்

1921ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம். கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்திலுள்ள கம்பபெல்லோ தீவுக்கு ஓர் அமெரிக்க அரசியல்வாதி விடுமுறைக்கு வந்திருந்தார். வயது 39. வந்த இடத்தில் காய்ச்சல் கண்டது. சில நாட்களில் கால்கள் இரண்டும் விளங்காமல் போயின. இளம்பிள்ளைவாதம், அதாவது போலியோ, என்று வைத்தியர்கள் சொன்னார்கள். அவர்தான் பிராங்ளின் ரூஸ்வெல்ற். 1933இல் அமெரிக்காவின் ஜனாதிபதியானார். ஆனால் துணையில்லாமல் நடக்க அவரால் சாகும்வரை முடியவில்லை.

போலியோக் கிருமி வாய் வழியாக உடலுக்குள் போவது. அழுக்கான கைகளாலும் தண்ணீராலும் பரவும். பலருக்கு அது வந்ததே தெரியாமல் போய்விடும். சிலருக்கு மட்டும் முள்ளந்தண்டு நரம்புகளைத் தாக்கிக் கை கால்களை முடக்கிவிடும். மூச்சு விடும் தசைகளைத் தாக்கினால் பிள்ளையை 'இரும்பு நுரையீரல்' என்ற பெரிய உருளைக்குள் படுக்க வைத்து, அந்த யந்திரத்தின் உதவியோடு மூச்சு விடச் செய்வார்கள். கோடை வந்தால் தாய்மார் பிள்ளைகளை நீச்சல் குளத்துக்கும் படக்கொட்டகைக்கும் விட மாட்டார்கள். பணக்காரர், ஏழை என்ற பேதம் அந்த நோய்க்கு இருக்கவில்லை.

பகிடிக்காரரின் யோசனை

1938இல் ரூஸ்வெல்ற் போலியோவுக்கு எதிராக ஒரு தேசிய நிறுவனத்தைத் தொடக்கினார். நோயுற்றவரைப் பராமரிப்பதும், நோயைத் தடுக்க வழி தேடும் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுப்பதும் அதன் வேலை. பணத்துக்கு எங்கே போவது? அப்போது வானொலியில் புகழோடு இருந்த பகிடிக்காரரும் பாடகருமான எடி கன்ரர் ஒரு யோசனை சொன்னார். பணக்காரரிடம் பெருந்தொகை கேட்க வேண்டாம். ஒவ்வொருவரும் ஒரு பத்துச் சதக் குற்றியை நேரே ஜனாதிபதியின் வெள்ளை மாளிகைக்கே தபாலில் அனுப்பட்டும். பத்துச் சதக் குற்றிக்கு ஆங்கிலத்தில் 'டைம்' என்று பெயர். அதை வைத்து அவர் இந்தச் சேகரிப்புக்கு 'மார்ச் ஒவ் டைம்ஸ்', பத்துச் சதங்களின் ஊர்வலம், என்று பெயர் வைத்தார். மற்ற நட்சத்திரங்களும் சேர்ந்து வானொலியில் கேட்டார்கள்.

கடிதங்கள் சாக்குச் சாக்காக வந்து குவிந்தன. வந்த பத்துச் சதங்கள் மாத்திரம் 26 இலட்சத்து 80 ஆயிரம். அதாவது இரண்டு இலட்சத்து 68 ஆயிரம் டொலர். அது வேலையில்லாத் திண்டாட்டம் வாட்டிய காலம் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

நட்சத்திரம் ஏன் எங்களிடம் கேட்கிறார் என்பதற்கு மறுமொழி இங்கேதான் இருக்கிறது. ஒரு நடிகர் எவ்வளவு கொடுத்தாலும் அது ஒருவருடைய பணம். ஆனால் அவருடைய குரலை இலட்சக்கணக்கானோர் கேட்பார்கள். கன்ரர் கொடுத்த மிகப் பெரிய நன்கொடை அவருடைய குரல்தான். பிற்காலத்தில் இந்த நிறுவனத்துக்காகத் தெருத்தெருவாகப் போனவர்களும் சாதாரண தாய்மாரே. 1950இல் அரிசோனா மாநிலத்தில் இது தொடங்கியது. பணம் கொடுக்க விரும்பும் வீட்டார் வாசல் விளக்கை எரிய விடுவார்கள். விளக்கு எரியும் வீட்டுக் கதவைத் தாய்மார் தட்டுவார்கள். கனடாவிலும் 1951இல் இதே பெயரில் ஓர் அமைப்புத் தொடங்கியது.

ரொறன்ரோவில் நடந்த வேலை

சேர்ந்த பணம் எங்கே போனது? இதுதான் நாங்கள் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி. ஒரு பங்கு நோயாளிகளின் செலவுக்குப் போனது. ஒரு பங்கு ஆய்வுகூடங்களுக்குப் போனது. 1949இல் பொஸ்ரன் நகரில் ஜோன் என்டர்சும் அவரோடு வேலை செய்தவர்களும் போலியோக் கிருமியைக் கண்ணாடிக் குழாய்க்குள் வளர்க்க வழி கண்டார்கள். 1954இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. பிற்ஸ்பேர்க் நகரில் ஜோனாஸ் சோல்க் என்ற வைத்தியர், கொல்லப்பட்ட கிருமியைக் கொண்டு தடுப்பூசி செய்தார். இருவருக்கும் அந்தப் பத்துச் சதப் பணம் உதவியது.

நோயோ காத்திருக்கவில்லை. 1952இல் அமெரிக்காவில் ஏறக்குறைய 58,000 பேரைப் பிடித்து 3,000க்கு மேற்பட்டவர்களைக் கொன்றது. 1953இல் கனடாவில் ஏறக்குறைய 9,000 பேருக்கு வந்தது. 500 பேர்வரை இறந்தார்கள்.

தடுப்பூசியைப் பரீட்சிக்க இலட்சக்கணக்கான பிள்ளைகள் தேவை. அவ்வளவு பேருக்கும் போதிய கிருமியை யார் வளர்ப்பது? அந்த வேலை ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் கொனோற் ஆய்வுகூடத்துக்கு வந்தது. அங்கே லியோன் பரல் என்ற பெண் விஞ்ஞானி ஒரு முறையைக் கண்டுபிடித்தார். பெரிய கண்ணாடிப் போத்தல்களை யந்திரத்தில் அடுக்கி, தொட்டில் போல மெதுவாக ஆட்டிக்கொண்டேயிருந்தால் கிருமி ஏராளமாக வளரும். அதை 'ரொறன்ரோ முறை' என்றே அழைத்தார்கள். இங்கு வளர்த்த கிருமி அமெரிக்க மருந்துக் கம்பனிகளுக்குப் போய்த் தடுப்பூசியானது. 1954இல் அமெரிக்கா, கனடா, பின்லாந்து நாடுகளில் ஏறக்குறைய 18 இலட்சம் பிள்ளைகள் அந்தப் பரீட்சையில் பங்குபற்றினார்கள். தடுப்பூசி வேலை செய்கிறது என்று 1955 ஏப்ரல் 12ஆம் திகதி அறிவித்தார்கள். ரூஸ்வெல்ற் இறந்து அன்றோடு சரியாகப் பத்து ஆண்டுகள். முதற் பத்துச் சதம் வந்து 17 ஆண்டுகள்.

மருந்து வந்தும் இளவட்டங்கள் ஊசி போட வரவில்லை. போலியோ சின்னப் பிள்ளைகளின் நோய் என்று நினைத்தார்கள். 1956 ஒக்ரோபர் 28ஆம் திகதி பாடகர் எல்விஸ் பிரெஸ்லி நியூயோர்க் தொலைக்காட்சி நிலையத்தில் பத்திரிகைக்காரர் பார்த்திருக்கச் சட்டைக் கையை மடித்து ஊசி போட்டுக்கொண்டார். அது பெரிய செய்தியானது. ஆனால் அத்தோடு வேலை முடியவில்லை. இளைஞர்களே குழு அமைத்து நண்பர்களைக் கூட்டிப் போனார்கள். ஊசி போட்டவர்களுக்கு மட்டும் நடன விருந்து வைத்தார்கள். 1962இல் அமெரிக்காவில் நோய் கண்டவர் தொகை ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது.

எங்கள் வாயில் விழுந்த சொட்டு

ஊரில் பிள்ளை பிறந்தால் கிளினிக்கில் வாயில் சொட்டு மருந்து விடுவார்கள். பிள்ளை முகத்தைச் சுளிக்கும், தாய் சிரிப்பார். அந்தச் சொட்டு மருந்தைக் கண்டுபிடித்தவர் அல்பேர்ட் சேபின். அவருடைய ஆராய்ச்சிக்கும் அதே நிறுவனம் பணம் கொடுத்தது. 1990களில் போர் நடந்தபோதும், சொட்டு மருந்து கொடுக்கும் நாட்களில் இரு தரப்பும் துவக்குகளை ஓய வைத்ததுண்டு. இலங்கையில் கடைசியாக ஒருவருக்குப் போலியோ வந்தது 1993இல். 1938இல் பத்துச் சதம் அனுப்பிய அந்தத் தொழிலாளிக்கு எங்கள் ஊரின் பெயரே தெரிந்திருக்காது.

பாடசாலைக் கடிதம் வரும்போது

இப்போது எங்கள் வீட்டு வாசலுக்கு வருவோம். செப்ரெம்பர் மாதம் பிள்ளைகள் பாடசாலையிலிருந்து 'ரெரி பொக்ஸ் ஓட்டம்' என்று ஒரு கடிதம் கொண்டு வருவார்கள். இரண்டு டொலர் குற்றி ஒன்று கேட்பார்கள். ரெரி பொக்சுக்கு 18 வயதில், 1977இல், எலும்புப் புற்றுநோய் வந்து வலது கால் போனது. அவர் பிழைக்க நூற்றுக்கு ஐம்பது வாய்ப்பு இருப்பதாகச் சொன்னார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்திருந்தால் பதினைந்துதான் என்றும் சொன்னார்கள். ஆராய்ச்சி செய்த வேலை அது என்று அவருக்கு விளங்கியது. 1980 ஏப்ரல் 12இல் செயற்கைக் காலோடு நியூபவுண்ட்லாந்திலிருந்து ஓடத் தொடங்கினார். முதலில் கவனித்தவர் சிலரே. ரொறன்ரோவுக்கு அவர் வந்தபோது ஹொக்கி நட்சத்திரம் டரில் சிற்லர் தன் சட்டையையே பரிசாகக் கொடுத்தார். நகர மண்டபத்தின் முன் பத்தாயிரம் பேர் திரண்டார்கள். 143 நாட்களில் 5,373 கிலோமீற்றர் ஓடித் தண்டர் பே நகருக்கு அருகில் நின்றார். நோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. அடுத்த ஆண்டு ஜூன் 28இல் இறந்தார். அவர் பெயரால் இதுவரை 80 கோடி டொலருக்கு மேல் புற்றுநோய் ஆராய்ச்சிக்குச் சேர்ந்துள்ளது.

ஆகவே, யாராவது ஒரு பிரபலம் வந்து கேட்கும்போது முகத்தைப் பார்த்துக் கொடுக்கவும் வேண்டாம், முகத்தைப் பார்த்து வெறுக்கவும் வேண்டாம். பணம் எங்கே போகிறது என்று கேளுங்கள். பதிவு செய்த தொண்டு நிறுவனமென்றால் பதிவிலக்கம் இருக்கும். கனடா வருமானவரித் திணைக்களத்தின் பட்டியலில் அதைப் பார்க்கலாம். ஆங்கிலம் கஷ்டமென்றால் பிள்ளைகளைக் கொண்டு பார்க்கச் சொல்லுங்கள். நன்கொடைக்கு அவர்கள் தரும் பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்தால் வரிக் கணக்கில் ஒரு பகுதி குறையும். தொலைபேசியில் அவசரப்படுத்திக் கடனட்டை இலக்கம் கேட்பவர்களுக்குக் கொடுக்கவே வேண்டாம்.

கொடுக்க வசதியில்லாத மாதம் கொடுக்காமல் விடலாம், அதில் வெட்கமில்லை. கொடுக்கக்கூடிய மாதம் இரண்டு டொலரைக் கொடுத்து, அது எதற்கென்று பிள்ளைக்குத் தமிழில் சொல்லுங்கள். நாங்கள் யார் யாரோ கொடுத்த சில்லறையால் நோயில்லாமல் நடக்கிறவர்கள்.