பூமி ஆடுமுன் சங்கு ஊதும் நகரம்

டீ.வி.யில் பூமியதிர்ச்சிச் செய்தி வந்தால் லயத்தில் எப்போதும் எழும் கேள்வி ஒன்று உண்டு. "இவ்வளவு மெஷின் இருக்கே, முன்னாடியே சொல்ல ஏலாதா?" எம்மிடமும் பலர் இதைக் கேட்டிருக்கிறார்கள். எமது மலைகளில் பெரிய ஆபத்து மண்சரிவுதான். என்றாலும் எச்சரிக்கை எப்படி வீட்டு வாசல் வரை வந்து சேருகிறது என்பது எல்லோருக்கும் பொதுவான விஷயம். ஆகவே இம்முறை அதை விளக்கமாகவே எழுதுகிறோம்.

பூமியதிர்ச்சி நாளைக்கு வரும், அடுத்த கிழமை வரும் என்று நாள் குறித்துச் சொல்ல உலகத்தில் எவராலும் முடியாது. சொல்பவரை நம்ப வேண்டாம். ஆனால் ஓரிடத்தில் அது ஆரம்பித்துவிட்டால், இன்னும் ஆட்டம் போய்ச் சேராத தூரத்து ஊருக்கு "வருகிறது, வெளியே வாருங்கள்" என்று சொல்ல முடியும். இதைச் செய்து காட்டிய ஊர் மெக்சிக்கோ நகரம்.

1985 செப்டெம்பர் 19ஆம் திகதி, காலை 7.17 மணி. நகரத்திலிருந்து 350 கிலோமீற்றருக்கும் அப்பால், பசுபிக் கடலோரத்தில் 8 என்ற அளவில் பூமி அதிர்ந்தது. இவ்வளவு தூரத்தில் நடந்தது நகரத்தை ஏன் நொறுக்கியது? அந்த நகரத்தின் பெரும்பகுதி பழைய ஏரியொன்றை வற்றவைத்து, அதன் சேற்று மண்ணின் மேல் கட்டப்பட்டது. கல் மலையை விடச் சேற்று நிலம் பல மடங்கு ஆடும். மாடிக் கட்டடங்கள் சரிந்தன. இறந்தவர்கள் பத்தாயிரம் பேர் அளவில் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அரசாங்கக் கணக்கு அதைவிடக் குறைவு.

அந்தத் துயரத்துக்குள் ஒரு கணக்கும் இருந்தது. கட்டடத்தை உலுக்கும் அலை நிலத்துக்குள் செக்கனுக்கு ஏறத்தாழ 4 கிலோமீற்றர் ஓடும். 300 கிலோமீற்றரைக் கடக்க அதற்கு ஒரு நிமிடத்துக்கு மேலாகும். ரேடியோவில் அனுப்பும் செய்தியோ கண் இமைக்குமுன் போய்விடும். மின்னல் முதலில் தெரிந்து, இடி பிறகு கேட்பதில்லையா? அது மாதிரித்தான். கடற்கரையில் கருவி வைத்தால் நகரத்துக்கு ஒரு நிமிடம் மிச்சமாகும்.

அப்படியே 1991இல் கெரேரோ மாநிலக் கடற்கரையில் 12 கருவி நிலையங்கள் வேலை தொடங்கின. 1993 முதல் எச்சரிக்கை பொதுமக்களுக்கும் கொடுக்கப்பட்டது. 1995 செப்டெம்பர் 14ஆம் திகதி வந்த பூமியதிர்ச்சியின் போது நகரத்துக்கு 72 செக்கன் முன்னதாகவே எச்சரிக்கை கிடைத்தது. 72 செக்கன் என்றால் சின்ன விஷயமல்ல. கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, கிழவியின் கையையும் பிடித்துக்கொண்டு முற்றத்துக்கு வந்துவிடலாம்.

ஆனால் அந்தச் செய்தி யார் காதில் விழுந்தது? ரேடியோவோ டீ.வி.யோ போட்டிருந்தவர்களுக்கும், கருவி வாங்கி வைத்திருந்த பள்ளிக்கூடம், அலுவலகங்களுக்கும்தான். தெருவில் கடலை விற்பவருக்குக் கேட்கவில்லை. தூங்கிக்கொண்டிருப்பவருக்கும் கேட்கவில்லை. கடற்கரையிலிருந்து நகரத்துக்குச் செய்தி கொண்டுவந்தாயிற்று, நகரத்துக்குள் ஒரு தெருவுக்குக் கொண்டுபோவதுதான் பெரும்பாடு!

இதற்கு அவர்கள் கண்ட வழிதான் எமக்கு மிகவும் பிடித்தது. திருட்டு, சண்டை சச்சரவைக் கண்காணிக்க நகரம் முழுவதும் ஏற்கெனவே கமராக் கம்பங்கள் நாட்டப்பட்டிருந்தன. கம்பம் இருக்கிறது, கரண்ட் இருக்கிறது, கட்டுப்பாட்டு அறைக்கு வயரும் இருக்கிறது. 2015இல் அந்தக் கம்பங்களின் ஒலிபெருக்கிகளிலேயே பூமியதிர்ச்சி எச்சரிக்கையையும் ஒலிக்கச் செய்தார்கள். இன்று 12,000க்கும் மேற்பட்ட ஒலிபெருக்கிகள் ஒரே குரலில் அலறுகின்றன. கள்ளனுக்கு வைத்த கம்பம் பூமியதிர்ச்சிக்கும் காவல் நிற்கிறது.

ஜப்பானியர் இன்னொரு விதமாகச் செய்தார்கள். அங்கே வீட்டு கேஸ் மீட்டருக்குள்ளேயே ஆட்டத்தை உணரும் சிறு கருவி உண்டு. பலமாக ஆடினால் மீட்டர் தானாகவே கேஸை அடைத்துவிடும். பூமியதிர்ச்சிக்குப் பின் வரும் தீயும் ஆளைக் கொல்லும் என்பதை 1995 ஜனவரியில் கோபே நகரம் பார்த்தது.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். 2017 செப்டெம்பர் 6ஆம் திகதி மெக்சிக்கோ நகரத்தின் ஒலிபெருக்கிகள் தவறுதலாக ஒலித்துவிட்டன. மறுநாள் இரவு உண்மையாகவே 8.2 அளவில் தூரத்தில் பூமி அதிர்ந்து, எச்சரிக்கை வந்தபோது, "நேற்று மாதிரித்தான்" என்று நினைத்தவர்களும் உண்டு. அதே மாதம் 19ஆம் திகதி, 1985இன் நினைவாகக் காலை 11 மணிக்கு ஒத்திகை நடத்தினார்கள். பகல் 1.14க்கு நிஜமாகவே வந்தது. இம்முறை சுமார் 120 கிலோமீற்றர் தூரத்தில்தான். எச்சரிக்கையும் ஆட்டமும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தன. நகரத்தில் மட்டும் 228 பேர் இறந்தார்கள். பக்கத்தில் நடந்தால் எந்தக் கருவியாலும் அதிக நேரம் வாங்கித்தர முடியாது. ஆனால் காலையில் ஒத்திகை பார்த்தவர்களுக்கு எந்தப் படியால் இறங்குவது என்றாவது தெரிந்திருந்தது.

இனி எமது பக்கம் வருவோம். மண்சரிவுக்கு மழைதான் அளவு. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100 என்றால் ஆயத்தம், 150 என்றால் வெளியேற வேண்டும் என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் சொல்கிறது. மழை அளக்கும் பாத்திரம் தோட்டத்து ஆபீசில் ஏற்கெனவே இருக்கிறது. தினமும் காலையில் அளந்து கொப்பியில் எழுதுகிறார்கள். தொழிற்சாலையில் சங்கு இருக்கிறது. கோயிலில் ஒலிபெருக்கி இருக்கிறது. கொப்பியில் எழுதும் அந்த எண் சங்குக்குப் போக வழி இருக்கிறதா என்பதுதான் எமது கேள்வி. அடைமழை இரவில் அளப்பது யார்? ஊதச் சொல்வது யார்?

எச்சரிக்கை மட்டும் போதாது என்பதையும் நாம் கண்டிருக்கிறோம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியாபெத்தையில் லயங்களை மண் மூடியது. அது ஆபத்தான இடம் என்று வருடக்கணக்கில் முன்பே சொல்லப்பட்டிருந்தது. போவதற்கு வேறு வீடு இல்லாதவர் எங்கே போவார்? ஆகவே சங்கு ஊதினால் எந்த லயம் எந்தப் பள்ளிக்கூடத்துக்கு, எந்தக் கோயில் மண்டபத்துக்குப் போவது என்பதும் முன்பே முடிவாக வேண்டும்.

அடுத்த மாதாந்தக் கூட்டத்தில் இதை எடுக்கவிருக்கிறோம். தலைவர்மாரும், பிள்ளைக் காம்பிரா பொறுப்பாளரும், தாய்மாரும் கட்டாயம் வாருங்கள். வேலைச் சங்கும் ஆபத்துச் சங்கும் ஒரே மாதிரி இருக்கக் கூடாது, அதை எப்படி ஊதுவது என்று எல்லோருமாகத் தீர்மானிப்போம். இன்னொன்று: பெருமழையில் முதலில் போவது கரண்ட். கரண்ட் இல்லாவிட்டால் சங்கும் இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை. முன்பு பெரட்டுக்கு ஆள் கூப்பிடத் தப்பு அடித்தார்களே, அது இன்னும் யார் வீட்டிலாவது இருந்தால் சொல்லுங்கள்.