வைத்தியக் கட்டணம் கேட்கும் தொலைபேசி

மலையகத் தோட்டங்களுக்கு நோய்ச் செய்தி வந்து சேரும் வழி காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கிறது. முன்னாளில் அத்தகைய செய்தியைத் தந்தி கொண்டுவந்தது. தொழிலாளரின் கடிதங்களும் பெரும்பாலும் தோட்டத்துக் காரியாலயத்தின் கை வழியாகவே லயங்களை அடைந்தன. செய்தி தாமதித்து வந்தது. பிறர் கண்ணிற் பட்டு வந்தது. இவை குறைகளே. எனினும் அதில் ஒரு நன்மையும் இருந்தது. செய்தியை வாசித்துச் சொல்ல ஒருவர் அருகில் நின்றார். கேட்டவர் கலங்கினால், அடுத்துச் செய்வது யாது என்று எண்ணிப் பார்க்க நாலு பேர் கூடினர். இன்றோ செய்தி கைத்தொலைபேசி வழியே ஒருவருடைய காதுக்கு மாத்திரம் வருகிறது. அவர் கலங்கும்போது அருகில் எவரும் இருப்பதில்லை. இந்தத் தனிமையையே ஒரு சாரார் தமது பிழைப்புக்கு மூலதனமாக்கிக் கொண்டிருக்கின்றனர்.

கினிகத்தேனைக்கு அண்மையில் உள்ள பொல்பிட்டிய, 1969ஆம் ஆண்டில் அங்கு இயங்கத் தொடங்கிய நீர்மின் நிலையத்தால் நாடறிந்த ஊர். அதனைச் சூழ்ந்த மலைத் தோட்டங்களில் வாழும் குடும்பங்கள் பலவற்றுக்குக் கொழும்பிலே கடைகளில் வேலை செய்யும் மகன் இருப்பான். மத்திய கிழக்கு நாடொன்றில் வீட்டுவேலை செய்யும் மகளோ மருமகளோ இருப்பாள். அத்தகைய குடும்பத்துத் தாய் ஒருத்தியை உதாரணமாகக் கொள்ளலாம். பகற்பொழுதிலே கொழுந்து நிறுவைக்குச் செல்லும் நேரத்தில் அவளுடைய தொலைபேசி ஒலிக்கிறது. “உங்கள் மகன் விபத்தில் அகப்பட்டு ஆஸ்பத்திரியில் இருக்கிறான். உடனே சத்திரசிகிச்சை செய்ய வேண்டும். ஐம்பதாயிரம் ரூபாய் கட்டினால்தான் உள்ளே எடுப்பார்கள். போனை வைக்க வேண்டாம்” என்கிறது ஒரு குரல். 2024ஆம் ஆண்டில் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபாய் அடிப்படை நாட்சம்பளத்தின்படி கணக்கிட்டால், இத்தொகை முப்பத்தேழு நாள் உழைப்பாகும். அதுவும் எவ்விதக் கழிவும் இல்லாமற் கிடைத்தால்தான். ஆகவே, அத்தாய் அடகுக்கடையை நினைப்பாள். வட்டிக்குக் கொடுப்பவரை நினைப்பாள். செய்தி மெய்யா பொய்யா என்பதை மாத்திரம் நினைக்கமாட்டாள்.

அவளை நினைக்க விடாமற் செய்வதே அந்த அழைப்பின் முழு நோக்கமாகும். அதன் அமைப்பைக் கூறு கூறாகப் பிரித்துப் பார்த்தால் இது தெளிவாகும். முதலில் அச்சம் ஊட்டப்படுகிறது. அடுத்து அவசரம் கூட்டப்படுகிறது. பத்து நிமிடம் பிந்தினால் உயிர் போய்விடும் என்று சொல்லப்படுகிறது. மூன்றாவதாக ஓர் அதிகாரம் முன்னிறுத்தப்படுகிறது. பேசுபவர் தம்மை வைத்தியர் என்றோ தாதி என்றோ பொலிஸ் உத்தியோகத்தர் என்றோ கூறிக்கொள்கிறார். நான்காவது, இரகசியம். வீட்டாரிடம் சொல்லித் தாமதிக்க வேண்டாம், தொடர்பைத் துண்டிக்க வேண்டாம் என்று கட்டளை பிறக்கிறது. இறுதியாக, பணம் செலுத்தும் வழி. அது வைத்தியசாலையின் காசாளரிடம் செல்லும் வழியன்று. ஒரு தனியாளின் வங்கிக் கணக்கு அல்லது கைத்தொலைபேசி மூலம் பணம் அனுப்பும் ஓர் இலக்கம்.

இந்த ஐந்திலும் பெயரைப் பற்றிய பேச்சு இல்லாததைக் கவனித்தல் வேண்டும். “உங்கள் மகன்” என்றுதான் குரல் தொடங்குகிறது. பதறிய தாய், “ஐயோ, இன்னானுக்கா?” என்று கேட்கிறாள். அந்த நொடியிலேயே பெயர் எதிராளியின் கைக்குப் போய்விடுகிறது. “எங்கே, கொழும்பிலா?” என்று கேட்டால் ஊரும் போய்விடுகிறது. கேட்பவளே கொடுத்த செய்திகளைக் கொண்டு அவளையே நம்பவைக்கின்றனர். பேசுபவர் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ விரைந்து பேசுவாராயின், பாதி விளங்காத நிலையே பயத்தை இரட்டிப்பாக்கும். விளங்காத மொழிக்கு “ஆம்” என்று சொல்லிவிடும் பழக்கம் தோட்டத்து வாழ்க்கையில் நெடுங்காலம் ஊறியது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தின் பின் தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழியாகும். ஆதலால், “தமிழில் சொல்லுங்கள்” என்று கேட்பது துடுக்கன்று, உரிமை.

இனி, இவ்வழைப்பைப் பொய்யென்று காட்டும் தலையாய சான்றுக்கு வருவோம். அது தொலைபேசி நுட்பத்தைச் சேர்ந்ததன்று. இந்நாட்டின் சுகாதார வரலாற்றைச் சேர்ந்தது. தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்கென 1912ஆம் ஆண்டிலேயே ஒரு கட்டளைச் சட்டம் பிறந்தது. 1951ஆம் ஆண்டில் அரச வைத்தியசாலைகளிற் கட்டணம் அறவிடும் முறை நீக்கப்பட்டது. 1971இல் வெளிநோயாளரிடம் 25 சதம் பெறும் ஏற்பாடு ஒன்று வந்து, 1977இல் அதுவும் நீங்கிற்று. டிக்கோயாவில் இந்திய உதவியுடன் கட்டப்பட்டு 2017ஆம் ஆண்டு மே மாதத்திலே திறந்துவைக்கப்பட்ட 150 கட்டில்கள் கொண்ட வைத்தியசாலையாயினும், நாவலப்பிட்டி வைத்தியசாலையாயினும், கொழும்புத் தேசிய வைத்தியசாலையாயினும், சத்திரசிகிச்சைக்குப் பணத்தை முன்கூட்டிக் கட்டு என்று நோயாளியின் தாய்க்குத் தொலைபேசியிற் சொல்லும் வழக்கம் இல்லை. 2016ஆம் ஆண்டில் மேல், தென் மாகாணங்களில் ஆரம்பமாகிப் பின்னர் நாடெங்கும் பரவிய 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவையும் இலவசமானதே. அரச வைத்தியசாலை உறவினரிடம் ஒப்பம் கேட்கும்; நோயாளியின் பழைய வியாதிகளைக் கேட்கும்; உயிருக்கு விலை கேட்பதில்லை.

இதிலிருந்து பெறப்படும் உண்மை மிகப் பெரிது. பணம் போய்ச் சேரும்வரை சிகிச்சை நிற்காது. ஆகவே, செய்தியை விசாரிப்பதற்குச் செலவாகும் பத்து நிமிடமோ அரை மணியோ நோயாளிக்கு ஒரு தீங்கும் விளைவிப்பதில்லை. மகன் உண்மையாகவே விபத்திற்பட்டிருந்தாலும், தாய் விசாரித்துக்கொண்டிருக்கும் அதே வேளையில் வைத்தியர்கள் தமது கடமையைச் செய்துகொண்டுதான் இருப்பார்கள். “பதறாத காரியம் சிதறாது” என்னும் பழமொழி இங்கே வெறும் அறிவுரையன்று; நாட்டின் ஏற்பாடே அதற்கு இடந்தருகிறது.

எனினும், விதிக்குச் சில புறனடைகள் உண்டு. அவற்றையும் அறிந்திருத்தல் வேண்டும். மருந்துத் தட்டுப்பாடு நேர்ந்த காலங்களில், குறிப்பாக 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது, சில மருந்துகளையும் பரிசோதனைகளையும் வெளியிலே பெற்றுக்கொள்ளுமாறு அரச வைத்தியசாலைகளில் உறவினருக்குச் சொல்லப்பட்டதுண்டு. ஆனால் அப்போதும் வைத்தியர் எழுதிய துண்டு கைக்கு வரும். உறவினர் தாமே மருந்துக்கடைக்கோ பரிசோதனை நிலையத்துக்கோ சென்று பணம் கொடுத்துப் பற்றுச்சீட்டுப் பெறுவர். கொழும்பை அடுத்துள்ள ஸ்ரீ ஜயவர்தனபுர பொது வைத்தியசாலை, 1984ஆம் ஆண்டில் ஜப்பானிய உதவியுடன் தொடங்கப்பட்டது. அது கட்டணம் அறவிடும் அரச வைத்தியசாலை. தனியார் வைத்தியசாலைகளோ முற்பணமும் கேட்கும். இத்தகைய இடங்களிலிருந்து வரும் உண்மையான கணக்குக்கு ஓர் உருவம் உண்டு. நோயாளியின் முழுப்பெயர், அனுமதித்த திகதி, அனுமதி இலக்கம், அறை, மருந்து, வைத்தியர் கட்டணம் என்ற தனித்தனிக் கூறுகள் அதில் எழுதப்பட்டிருக்கும். அதனை நேரில் வாங்கிப் பார்க்கலாம். காசாளரிடம் கட்டிப் பற்றுச்சீட்டுப் பெறலாம். எழுத்தில் வராத கணக்குக்குக் காசு கொடுக்க வேண்டிய கடப்பாடு எவருக்கும் இல்லை. முன்னர் சிகிச்சை பெற்றதற்குப் பாக்கி இருக்கிறது என்று கூறி வரும் அழைப்புக்கும் இதுவே விடை: “கணக்கை எழுத்தில் தாருங்கள், நேரில் வந்து பார்க்கிறோம்.”

அழைப்பு வந்தவுடன் செய்யத்தக்கவை மிகச் சில. முதலாவது, எந்தப் பெயரையும் தாமாகச் சொல்லாதிருத்தல். “எந்த மகன்? பெயர் என்ன? எந்த வைத்தியசாலை, எத்தனையாம் வார்ட்?” என்று கேட்டுவிட்டு வாய்மூடி இருக்க வேண்டும். இரண்டாவது, தொலைபேசியை வைத்துவிடுதல். வைக்க வேண்டாம் என்று ஒருவர் வற்புறுத்துவதே வைத்துவிடுவதற்குப் போதிய காரணம். மூன்றாவது, இதுவே எல்லாவற்றிலும் முக்கியமானது: பணம் கேட்டவர் காட்டிய வழியில் விசாரியாது, தாம் முன்பே அறிந்த வழியில் விசாரித்தல். மகனுடைய இலக்கத்துக்குப் பேசலாம். அவன் எடுக்காவிட்டால் அவன் வேலை செய்யும் கடையின் முதலாளிக்கு, உடன் தங்கியிருக்கும் தோழனுக்கு, கொழும்பிலுள்ள உறவினருக்குப் பேசலாம். வைத்தியசாலையின் பொது இலக்கத்தைத் தோட்டத்து டிஸ்பென்சரியிலோ பாடசாலையிலோ கேட்டுப் பெறலாம். அழைத்தவர் கொடுத்த இலக்கத்துக்கே திரும்பப் பேசி உறுதிப்படுத்துவது, திருடனிடமே சாட்சி கேட்பது போலாகும். திரையில் தெரியும் இலக்கத்தையும் முற்றாக நம்புதல் கூடாது. வேறோர் இலக்கத்தைக் காட்டி அழைக்கும் தந்திரம் உண்டு. வங்கியிலிருந்து குறுஞ்செய்தியாக வரும் இரகசிய இலக்கத்தை எவருக்கும் வாசித்துக் காட்டலாகாது.

மகள் வெளிநாட்டில் இருப்பாளாயின் கலக்கம் இன்னும் பெரிதாகும். கடல் கடந்த வைத்தியசாலையை எப்படி விசாரிப்பது என்று குடும்பத்தார் திகைப்பர். இவர்களுக்காக 1985ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் இருக்கிறது. அதன் 1989 என்ற இலக்கத்துக்குப் பேசி முறையிடலாம். மகளின் கடவுச்சீட்டு இலக்கம், வேலைசெய்யும் வீட்டின் முகவரி, அனுப்பிவைத்த முகவரின் பெயர் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி வீட்டில் வைத்திருப்பது இத்தகைய வேளையில் மிகவும் உதவும்.

இந்த வஞ்சகம் மலையகத்துக்கு மாத்திரம் உரியதன்று. ஜப்பானில் 2003ஆம் ஆண்டளவில் முதியோரின் வீடுகளுக்கு இத்தகைய அழைப்புகள் பெருகின. பேசுபவன் பெயர் சொல்லாமல் “நான்தான், நான்தான்” என்று பதறுவான். பாட்டி தானாகவே பேரனின் பெயரைச் சொல்லிவிடுவாள். விபத்து நேர்ந்தது, பணம் அனுப்பு என்று அவன் தொடர்வான். “நான்தான்” என்பதற்குரிய ஜப்பானியச் சொல்லாகிய “ஒரே” என்பதை வைத்தே “ஒரே ஒரே மோசடி” என்று அதற்குப் பெயர் வழங்கிற்று. குடும்பத்தாருக்குள் மாத்திரம் தெரிந்த ஓர் அடையாளச் சொல்லை முன்கூட்டி வைத்துக்கொள்ளுமாறு அந்நாட்டில் மக்களுக்கு அறிவுறுத்தப்படுகிறது. பெருந்தொகை எடுக்க வரும் முதியவரை வங்கி ஊழியர் நிறுத்தி விசாரிப்பதும் அங்கு வழக்கம். இப்பொழுதோ கணினியின் உதவியால் ஒருவருடைய குரலையே போலியாக்கிப் பேசவும் முடிகிறது. அமெரிக்காவின் வர்த்தக ஆணைக்குழு 2023ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இதுபற்றி மக்களை எச்சரித்தது. ஆதலால் மகனின் குரலே கேட்டாலும் அடையாளச் சொல்லைக் கேட்பது நன்று. அது ஊர்க்கோயிலின் பெயராகவோ பிறந்த நாளாகவோ இருத்தல் ஆகாது. பிள்ளைப் பருவத்தில் வீட்டில் வழங்கிய ஒரு வேடிக்கைச் சொல்லாக, வெளியார் ஊகிக்க இயலாததாக இருத்தல் வேண்டும்.

சட்டமும் இதனை நன்கு அறியும். இந்நாட்டில் வழங்கும் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையின் 398ஆம் பிரிவு ஏமாற்றுதலையும், 399ஆம் பிரிவு ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுதலையும் வரையறுக்கின்றன. மாறாட்டம் செய்யப்பட்ட ஆள் உண்மையில் இருப்பவராயினும் கற்பனையில் மாத்திரம் உள்ளவராயினும் குற்றம் குற்றமே. ஆகவே, இல்லாத வைத்தியரின் பெயரைச் சொல்லிப் பணம் பறித்தவரும் தப்புவதற்கு இடமில்லை. அழைப்பு வந்த இலக்கம், நேரம், பணம் கேட்ட கணக்கு இலக்கம் ஆகியவற்றைக் குறித்து வைத்துப் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்யலாம். அவசரத்துக்கு 119 என்ற இலக்கம் உண்டு.

பணம் அனுப்பிய பின்னர்தான் வஞ்சகம் தெரியவருமாயின், முதற்கண் செய்யவேண்டியது வங்கிக்கோ பணம் அனுப்பிய தொலைபேசி நிறுவனத்துக்கோ அந்தக் கணமே அறிவிப்பது. பணம் மறுகையால் எடுக்கப்படுமுன் தடுக்கக்கூடிய நேரம் மிகச் சிறிது. இரண்டாவது, மேலும் ஒரு சதம்கூட அனுப்பாதிருத்தல். முதலிற் கொடுத்தவரிடம் இரத்தத்துக்கு, மருந்துக்கு, அம்புலன்ஸுக்கு என்று மீண்டும் மீண்டும் கேட்பது அவர்களுடைய வழக்கம். மூன்றாவது, மறைக்காதிருத்தல். ஏமாந்தவர் பெரும்பாலும் வெட்கத்தால் வாய் திறப்பதில்லை; கணவன் ஏசுவான், அயலார் நகைப்பர் என்று அஞ்சுகின்றனர். பிள்ளையின் உயிருக்காகக் காசைப் பொருட்படுத்தாத தாய் வெட்கப்பட வேண்டியவளல்லள். அந்த அன்பை விலைபேசியவனே வெட்கப்பட வேண்டியவன். அவள் வாய் திறக்காவிட்டால், அடுத்த லயத்துத் தாய்க்கு அதே குரல் மறுநாள் பேசும்.

தோட்டத்துச் சங்கக் கூட்டத்திலும், கோயில் திருவிழாவுக்குக் கூடும் இடத்திலும், பாடசாலைப் பெற்றார் கூட்டத்திலும் இவ்விடயத்தைச் சில நிமிடம் பேசினால் போதும். வீட்டில் வாசிக்கத் தெரிந்த பிள்ளை, மகன் இருக்கும் கடையின் இலக்கம், உறவினரின் இலக்கம், 1990, 119, 1989 ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவைக்கலாம். தனியாக இருப்பவர் காதில் அச்சம் விழும்போது, அவர் கண்ணுக்கு எதிரே விசாரிக்கும் வழியும் தென்படுதல் வேண்டும். அந்தத் தாளை எழுத ஒரு மாலைப் பொழுது போதும். அழைப்பு வந்த பின் எழுத நேரம் இராது.