பசைக்குள் கல்மாவு

கோடையில் திருவண்ணாமலை வெயில் 40 டிகிரி செல்சியசைத் தொடும். ரமணாசிரமம் பகுதியின் மொட்டைமாடி அறைகளில் சூடு இன்னும் கூடுதல். அங்கே மரச்சாமான் செய்யும் ஆசாரிகளுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. வெள்ளைப் பசையின் மூலப்பொருளான பாலிவினைல் அசிடேட், சுமார் 30 டிகிரியிலேயே இறுக்கம் தளரத் தொடங்கிவிடும். புத்தகச் சுமை தாங்கும் அலமாரி இணைப்பு உடனே விட்டுவிடாது. மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வழுகும்.

இதற்கு ஒரு மருந்து கல்லில் இருக்கிறது. நுண்ணிய சுண்ணாம்புக்கல் மாவையோ சீனக் களிமண்ணையோ பசையில் அளவாகக் கலந்தால், காங்கிரீட்டுக்குள் ஜல்லி நிற்பதுபோல அந்தத் துகள்கள் பசையின் நகர்வைத் தடுக்கும். வேறு பலனும் உண்டு. வெள்ளைப் பசையில் ஏறத்தாழ பாதி தண்ணீர். அது வற்றும்போது பசை சுருங்கும்; மரத்தின் துளைகளும் கொஞ்சத்தை உறிஞ்சிவிடும். துகள் சேர்ந்த பசை குறைவாகச் சுருங்கி, இணைப்பிலேயே தங்கும்.

துகள் எவ்வளவு சிறியதோ, பசை பற்றிக்கொள்ள அவ்வளவு பரப்பு. ஒரு சென்டிமீட்டர் கனசதுரக் கல்லின் மொத்தப் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர்தான். அதையே ஒரு மைக்ரான் கனசதுரங்களாக நறுக்கினால் 6 சதுர மீட்டர். ஆனால் அளவு மீறினால் எல்லாத் துகளையும் நனைக்கப் பசை போதாது, இணைப்பு பொடிந்துவிடும்.

நம் கைவினைஞர்களுக்கு இந்தக் கூட்டணி புதிதல்ல. தஞ்சாவூர் ஓவியத்தில் பலகைமேல் துணி ஒட்டி, சுக்கான் மாவைப் பசையில் குழைத்துப் பூசுவார்கள். கற்கள் பதியும் புடைப்பு வேலையும் அதே குழம்பில்தான்.

எந்தப் பசைக்கு எந்த மாவு என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். பிளைவுட்டுக்குப் பயன்படும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசை அமிலத்தால் இறுகுவது. அம்மோனியம் குளோரைடு சேர்ப்பது அதற்காகவே. அதில் சுண்ணாம்புக்கல் மாவைப் போட்டால் அமிலம் முறிந்து, பசை சரியாக இறுகாது. பிளைவுட் ஆலைகள் மைதா கலப்பதே பழைய வழக்கம்; களிமண்ணும் ஒத்துவரும்.

வாசலுக்கு வாங்கிய கோலமாவைக் கலப்பதும் வேண்டாம். அதில் வெண்கல் எனப்படும் குவார்ட்ஸ் இருக்கலாம். மோஸ் அளவுகோலில் சுண்ணாம்புக்கல்லின் கடினம் 3, குவார்ட்ஸுக்கு 7. இழைப்புளியின் வாய் மழுங்கிப்போகும். ஓரிடத்தில் சோதித்துப் பார்க்காமல், பாரம் தாங்கும் இணைப்பில் எந்த மாவையும் கலக்காதீர்கள்.