கட்டம் கட்டுங்க பாஸ்!

காலேஜ் டூர் ஆல்பத்தை எடுத்துப் பாருங்க. தஞ்சாவூர் பெரிய கோயில் விமானம் கம்பீரமா நிக்கும். அதுக்குக் கீழே கடுகு சைஸ்ல பத்து தலை. நாலு வருஷம் கழிச்சு 'இதுல நான் எங்கடா?'ன்னு கேட்டா, எடுத்தவராலயே சொல்ல முடியாது!

கட்சியில கட்டம் கட்டினா ஆள் வெளியே. கேமராவுல கட்டம் கட்டினா ஆள் உள்ளே இருக்கணும். பீரோவுல தூங்கிட்டிருந்த காம்பாக்ட் டிஜிட்டல் கேமராவை மறுபடி கையில எடுத்திருக்கிற மக்களே... உங்களுக்குத்தான் இந்த டிப்ஸ்.

முன்னாடி வா மச்சி!

பெரிய கோயில் விமானம் 200 அடியைத் தாண்டும். 'இன்னும் பின்னாடி போ'ன்னு ஃப்ரெண்ட்ஸை அதுக்குக் கீழே துரத்தாதீங்க. எல்லாருமா கோயிலை விட்டு நல்லா தள்ளி வந்துடுங்க. நாலு பேர்னா உங்ககிட்டருந்து ஏழெட்டு அடியில நிறுத்துங்க. கூட்டம் பெருசுன்னா இன்னும் கொஞ்சம் தள்ளி. கேமராவை இடுப்பு உயரத்துக்கு இறக்கிப் பிடிங்க. முகமும் தெரியும், விமானமும் விழும்!

பாதி அழுத்துங்க...

ரெண்டு பேர் ஜோடியா நின்னா, பழைய காம்பாக்ட் பல நேரம் நடுவுல இருக்கிற இடைவெளி வழியா பின்சுவரை ஃபோகஸ் பண்ணிடும். முதல்ல ஒருத்தர் முகத்தை நடுவுல வெச்சு பட்டனைப் பாதி அழுத்துங்க. ஃபோகஸ் ஆனதும் விரலை எடுக்காம, வேணும்கிற கட்டத்துக்குத் திருப்பி முழுசா அழுத்துங்க. அவ்ளோதான்!

நாலு ஓரமும் பாருங்க

மெனுவுல கிரிட் இருந்தா போட்டுக்குங்க. க்ளோஸ்-அப்ல கண்கள் மேல்கோட்டுக்குப் பக்கத்துல வரட்டும். தலைக்குப் பின்னாடி கரன்ட் கம்பம் முளைச்சிருக்கான்னு பாருங்க. முழங்கால், மணிக்கட்டுன்னு மூட்டுல வெட்டாதீங்க. டிஜிட்டல் ஜூம் பக்கமே போகாதீங்க. அது படத்தை வெட்டிப் பெருசாக்கும் வேலைதான். ரெண்டு எட்டு நடந்து போனா, அதைவிட நல்ல படம் கிடைக்கும்.

ப்ரிண்ட் போடுறப்போ...

காம்பாக்ட் கேமராக்கள்ல பெரும்பாலும் படம் 4:3 அளவு. ஸ்டுடியோவுல போடுற 4x6 ப்ரிண்ட்டோ 3:2. பேப்பர் முழுக்க நிரப்பினா, படுக்கைவாட்டுப் படத்தோட உயரத்துல 9-ல் ஒரு பங்கு போயிடும். கடைசி வரிசையில நிக்கிற உயரமான ஃப்ரெண்டோட தலை போறது இப்படித்தான்! அதனால, எடுக்கும்போதே மேலயும் கீழயும் கொஞ்சம் இடம் விட்டுடுங்க.

கடைசியா ஒண்ணு. எல்லாப் படத்தையும் எடுக்கிற ஆள் எந்தப் படத்துலயும் இருக்க மாட்டார். ஃபேர்வெல் முடிஞ்சு ஆளுக்கொரு ஊருக்குப் போன பிறகு, அந்த முகத்தை எங்கே போய்த் தேடுவீங்க? கேமராவைப் படிக்கட்டுல வைங்க, கட்டத்துல ஓர் ஆளுக்கு இடம் விடுங்க, செல்ஃப் டைமரை 10 விநாடிக்குப் போடுங்க.

ம்... ஓடுங்க!