9 வோல்ட் பெடலுக்கு 18 கொடுத்தால் எது சாகும்?

கல்சுரல்ஸுக்கு மூணு நாள் முன்னாடி, ரிகர்சல்ல, சீனியர் அண்ணாகிட்ட கடன் வாங்கின ஓவர்டிரைவ் பெடலை பவர் சப்ளையில தப்பான அவுட்புட்ல சொருகிட்டேன். 9 வோல்ட் போக வேண்டிய இடத்துல 18. ரெண்டுக்கும் ஒரே மாதிரி ஒயர், ஒரே மாதிரி பின். எல்இடி பளீர்னு எரிஞ்சு அணைஞ்சது. கூடவே கருகல் வாசம். லேப்ல பழகின வாசம்தான், ஆனா ஓசி பெடல்ல இருந்து வந்தா வயிறு கலங்குது.

"உள்ள எல்லா சிப்பும் போயிருக்கும்"னு பேண்ட்ல எல்லாரும் சொன்னாங்க. அப்படி இல்லை. கிட்டார் சிக்னலைப் பெருக்குற டிஎல்072 ஆப்-ஆம்ப் மொத்தம் 36 வோல்ட் வரை தாங்கும். 18 அதுக்கு ஒண்ணுமே இல்லை. அதனால சிக்னல் போற வழியை விட்டுட்டு, பவர் உள்ளே வர்ற வாசல்ல இருந்து தேடணும்.

பவர் எதுவும் கொடுக்காம, மல்டிமீட்டரை கன்டினியூட்டில வெச்சு டிசி ஜாக்கோட ரெண்டு முனையையும் தொட்டேன். பீப். முனையை மாத்தி வெச்சாலும் பீப். அதாவது சப்ளை நேரா கிரவுண்டோட ஷார்ட். இந்த நிலையில பேட்டரி மாட்டிப் பார்க்காதீங்க, பேட்டரிதான் சூடாகும்.

ஜாக் பக்கத்துல கருத்துப் போயிருந்தது 1என்4742, அதாவது 12 வோல்ட் ஜீனர் டயோடு. காவலுக்கு வெச்சது. 12-ஐத் தாண்டினா மின்னோட்டத்தைத் தன் மேல வாங்கிக்கும். இது 1 வாட் டயோடுதான், அதனால ரொம்ப நேரம் தாங்காம ஷார்ட்டா செத்துடும். அதைக் கழட்டினதும் பீப் நின்னுச்சு.

அடுத்து 9 வோல்ட் பேட்டரியை 100 ஓம், 1 வாட் ரெசிஸ்டர் வழியா கொடுத்தேன். உள்ளே இன்னொரு ஷார்ட் இருந்தாலும் 90 மில்லிஆம்பியருக்கு மேல போகாது. எல்இடி எரிஞ்சது. சந்தோஷம் ரெண்டு நொடிதான், சத்தம் வரலை.

இது க்ளான் சென்டார் மாதிரி செஞ்ச பெடல். அதுக்குள்ள மேக்ஸ்1044னு ஒரு சார்ஜ் பம்ப் சிப் இருக்கு. கெபாசிட்டரை சார்ஜ் பண்ணி, இடம் மாத்தி மாட்டுற வேலையை ஓயாம செஞ்சு, 9 வோல்ட்ல இருந்து மைனஸ் 9-ஐயும் பிளஸ் 18-ஐயும் உண்டாக்கும். 8-வது பின்ல சப்ளை சரியா வந்துச்சு, 5-வது பின்ல மைனஸ் வரணும். மீட்டர் காட்டினது பூஜ்யம். சிப்பைத் தொட்டா சுடுது.

டேட்டாஷீட்டைத் திறந்தப்பதான் கதை புரிஞ்சது. இந்த சிப்போட உச்ச வரம்பு 10.5 வோல்ட். காவலாளி முழிக்கிறதே 12-லதான்! ஜீனர் உயிரை விட்டு சப்ளையை இழுத்துப் பிடிச்சிருந்த அந்தக் கொஞ்ச நேரத்துலயே சிப் தன் வரம்பைத் தாண்டிடுச்சு.

மறுநாள் ரிச்சி ஸ்ட்ரீட். மேக்ஸ்1044 கிடைக்கலை, சாதா 7660 வாங்கி மாட்டினேன். பெடல் பாடுச்சு, கூடவே "கீஈஈ"னு ஒரு விசிலும். சாதா 7660 சுமார் 10 கிலோஹெர்ட்ஸ்ல ஓடும், அது காதுக்குக் கேக்குற எல்லைக்குள்ள. கடைசில 'எஸ்' எழுத்து இருக்கிற 7660எஸ் வேணும். அதுல 1-வது பின் சப்ளையோட சேர்ந்திருந்தா வேகம் காது எல்லையைத் தாண்டிடும். இன்னொரு நடை ரிச்சி ஸ்ட்ரீட். விசில் போச்சு.

ரெண்டு டிஎல்072-லயும் 1, 7 பின்கள்ல சப்ளையில பாதி, சுமார் 4.5 வோல்ட் நின்னுச்சு. தொடவே இல்லை. பழைய ஜீனருக்குப் பதிலா 10 வோல்ட் 1என்4740 போட்டேன். முழுப் பாதுகாப்பு இல்லைதான், ஆனா 12-ஐ விட மேல்.

அண்ணாகிட்ட நடந்ததைச் சொல்லித்தான் திருப்பிக் கொடுத்தேன். பவர் சப்ளையோட 18 வோல்ட் அவுட்புட் மேல இப்ப சிவப்பு இன்சுலேஷன் டேப்.