ஓடுகிற ஸ்கிரிப்டைத் திருத்துவது ஏன்?

நம் ஊரில் கிரிவலம் வருவோர் 14 கிலோமீட்டர் நடக்க வேண்டும். அவர்களுள் கட்டுச்சோறு கொண்டுவருவோரும் உண்டு. சோறு, தொடுகறி, இலை எல்லாம் ஒரே மூட்டையில் இருப்பதால் எந்த மரத்தடியிலும் பிரித்து உண்ணலாம். கணிப்பொறி உலகின் ‘கன்டெய்னர்’ என்பதும் இத்தகைய கட்டுச்சோறுதான். ஒரு மென்பொருளும் அது இயங்கத் தேவையான துணைக் கோப்புகளும் அதில் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கும். 2013இல் வெளிவந்த டாக்கர் இம்முறையைப் பரவச் செய்தது.

மூட்டைகள் பெருகினால் பல கணிப்பொறிகளை ஒரு கூட்டமாக இணைக்க வேண்டும். அக்கூட்டமே ‘கிளஸ்டர்’. எந்த மூட்டை எந்தப் பொறியில் இயங்குவது என்று மேற்பார்வையிட, கூகுள் நிறுவனம் 2014இல் குபர்நெட்டீஸை வெளியிட்டது. கிரேக்க மொழியில் அச்சொல்லுக்குச் ‘சுக்கான் பிடிப்பவர்’ என்று பொருள்.

கிளஸ்டர் அமைக்க ஒவ்வொரு பொறியிலும் பல கட்டளைகளைத் தர வேண்டும். கையால் தட்டினால் பிழை வரும். ஆகவே அவற்றை வரிசையாக ஒரு கோப்பில் எழுதி வைக்கிறோம். அதுவே ஷெல் ஸ்கிரிப்ட். தொடக்கத்தில் குபர்நெட்டீஸையும் ‘கியூப்-அப்’ என்னும் பெரிய ஸ்கிரிப்டைக் கொண்டே அமைத்தனர். 2016இல் வந்த ‘கியூப்அட்மின்’, பொறி தகுதியானதா என்று முதலில் சோதிப்பது, தலைமைப் பொறியை அமைப்பது, மற்றவற்றை இணைப்பது என அவ்வேலையைத் தனித்தனிப் படிகளாக்கியது.

நாம் எழுதும் சிறு ஸ்கிரிப்டுக்கும் இவ்வழி பொருந்தும். செய்யும் வேலையை மாற்றாமல், எழுதிய அமைப்பை மட்டும் சீராக்குவதே மறுசீரமைப்பு.

“ஓடுகிறதே, ஏன் தொட வேண்டும்?” என்று கேட்கலாம். 2015 ஜனவரியில் நடந்ததைக் கேளுங்கள். ‘ஸ்டீம்’ என்னும் விளையாட்டு மென்பொருளின் லினக்ஸ் ஸ்கிரிப்டில், “இந்த அடைவில் உள்ளதை எல்லாம் அழி” என்று ஒரு வரி இருந்தது. ஒருவர் கணிப்பொறியில் அடைவின் பெயர் வெறுமையாகிவிட்டது. ஸ்கிரிப்ட் நிற்கவில்லை. அவருடைய கோப்புகள் அழிந்தன. பிரதி எடுத்து வைத்திருந்த வெளி வட்டும் தப்பவில்லை.

இத்தகைய கேட்டைத் தவிர்க்க நாம் செய்யத்தக்கவை நான்கு.

முதலாவது, ஒரு கட்டளை தவறினாலும் ஷெல் தன் இயல்பில் அடுத்த வரிக்குப் போய்விடும். “தவறினால் நில், பெயர் வெறுமையானாலும் நில்” என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது, பொறிகளின் பெயரையும் முகவரியையும் ஸ்கிரிப்டின் தலைப்பகுதியில் ஒரே இடத்தில் எழுத வேண்டும். திரும்பத் திரும்ப வரும் வரிகளைப் பெயரிட்ட ஒரு செயல்கூறாக்க வேண்டும்.

மூன்றாவது, “ஏற்கெனவே அமைந்துள்ளதா?” என்று பார்த்த பின்பே அமைக்க வேண்டும். அப்போது பாதியில் நின்றாலும் அஞ்சாமல் மறுபடி இயக்கலாம்.

நான்காவது, பழைய பிரதியைப் பத்திரப்படுத்தி, ஒரு நேரத்தில் ஒரே மாற்றம் செய்து, முக்கியமான கோப்புகள் இல்லாத பொறியில் சோதிக்க வேண்டும்.

தோழியரே! நாம் எழுதியதை நாளை நம் தங்கையர் இயக்குவர். அருகில் நின்று விளக்க அன்று நாம் இருக்கமாட்டோம். அவர்கள் படித்தவுடன் புரிந்துகொண்டு, துணிந்து திருத்தும்படி எழுதி வைப்போம்.